பிடுங்காமல் விட்ட புகையிலைக் கன்று

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் அப்புவுக்கு ஆயிரம் கன்று நடக்கூடிய ஒரு புகையிலைத் தறை இருந்தது. தை மாதத்தில் ஒரு விடுமுறைக் காலை, இறைப்புக்கு அவருடன் போயிருந்தபோது, வாய்க்கால் ஓரத்தில் நின்ற ஒரு கன்றின் அடி இலைகளில் மஞ்சள் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக விழுந்திருந்ததைக் கண்டேன். நோய்ப்பட்ட கன்றை வேரோடு எடுத்து எறிவது தோட்டத்து வழக்கம் என்பதால், குனிந்து அதன் தண்டில் கை வைத்தேன். அப்பு தடுத்தார். "பிடுங்காதை பிள்ளை. குருத்தைப் பார், அது வெண்டுட்டுது" என்றார். குருத்து இலைகள் மூன்றும் மாசு மறுவின்றிப் பச்சையாக இருந்தன. அடுத்த மாதம் அந்தக் கன்று மற்றவற்றோடு சேர்ந்தே அறுவடையானது.

குருத்து எதை வென்றது, எப்படி வென்றது என்று அவர் சொல்லவில்லை. அதற்கான விடையை நான் பல ஆண்டுகள் கழித்துத் துண்டு துண்டாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்று உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும்போது, பரம்பரையலகுகள் எவ்வாறு அடக்கப்படுகின்றன என்ற பாடத்தை அந்தக் கன்றிலிருந்தே தொடங்குகிறேன். போரின் அச்சமும் பட்டினியும் பேரப்பிள்ளைகளின் பரம்பரையலகுகளிலும் பதிந்துவிட்டன என்று இப்போது பலர் சொல்வதை எடைபோடவும் அந்தப் பாடமே உதவும். (பரம்பரையலகு என்று நாங்கள் எழுதுவதைத் தமிழகத்து நண்பர்கள் மரபணு என்பார்கள், நாங்கள் கலம் என்பதை அவர்கள் செல் என்பார்கள்.)

1928 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விங்காட் என்ற தாவர நோயியலாளர், வளையப்புள்ளி வைரசைப் புகையிலையின் அடி இலைகளில் தடவிப் பார்த்தார். அடி இலைகள் நோயுற்றன; அதன் பின் மேலே தோன்றிய இலைகளோ நலமாக வளர்ந்தன. அந்த நல்ல இலைகளில் அதே வைரசை மீண்டும் தடவியபோதும் நோய் வரவில்லை. தாவரத்துக்கு எங்களைப் போல வெண்குருதிக் கலங்கள் இல்லை, கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான பிறபொருளெதிரிகளும் இல்லை. அப்படியிருக்க, அடி இலை பட்ட பாட்டை மேல் இலை எவ்வாறு அறிந்தது? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

விடைக்கான முதல் தடயம் நோயிலிருந்து கிடைக்கவில்லை, அழகுக்காகச் செய்யப்பட்ட ஒரு முயற்சியிலிருந்து கிடைத்தது. பெற்றூனியாப் பூவின் ஊதா நிறத்துக்குத் தேவையான நொதியத்தைத் தரும் பரம்பரையலகின் இன்னொரு பிரதியைச் செடிக்குள் செலுத்தினால் நிறம் மேலும் அடர்த்தியாகும் என்று எதிர்பார்த்த நப்பொலி, ஜோர்கென்சன் ஆகியோரின் குழு, 1990 இல் வெளியிட்ட முடிவில், பல செடிகளின் பூக்கள் முழு வெள்ளையாகவோ ஊதாவும் வெள்ளையும் கலந்தோ மலர்ந்தன என்று அறிவித்தது. புதிதாக நுழைந்த பிரதி அடங்கியதோடு நில்லாமல், செடி பிறந்தபோதே கொண்டிருந்த பிரதியும் கூடவே அடங்கிப்போயிருந்தது. ஈராண்டுகளின் பின்னர் நியூரோஸ்போரா என்ற பங்கசிலும் இதையொத்த நிகழ்வு பதிவாயிற்று.

பின்னர் 1998 இல், அன்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோரின் குழு, மண்ணில் வாழும், ஒரு மில்லிமீற்றர் நீளமான வட்டப்புழு ஒன்றில் செய்த பரிசோதனை இந்தப் புதிரின் நடுமுடிச்சை அவிழ்த்தது. எங்கள் தோட்டத்து மண்புழுவுக்கு அது உறவில்லை. ஒரு பரம்பரையலகின் செய்தியைக் கொண்ட ஆர்.என்.ஏ. இழையைத் தனியாக ஊசியேற்றியபோதும், அதன் எதிரிழையைத் தனியாக ஊசியேற்றியபோதும் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. இரண்டும் பிணைந்த இரட்டை இழையை ஏற்றியபோது மட்டும், அந்தப் பரம்பரையலகு ஏறத்தாழ முற்றாக அடங்கியது. கலமொன்றுக்குச் சில மூலக்கூறுகளே போதுமாக இருந்தன. எட்டு ஆண்டுகளில், 2006 இல், இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரட்டை இழைக்கு ஏன் இவ்வளவு வலிமை என்று மாணவர்கள் கேட்கும்போது நான் மீண்டும் புகையிலைக்கே வருவேன். கலம் தனக்காக எழுதும் செய்தி ஒற்றை இழை. ஆர்.என்.ஏ. வைரசு தன்னைப் பிரதியெடுக்கும்போதோ நீண்ட இரட்டை இழை உருவாகிறது. ஆகவே நீண்ட இரட்டை இழையைக் கண்டால், வீட்டுக்குள் அந்நியர் புகுந்துவிட்டார் என்று கலம் பொருள்கொள்கிறது. டைசர் என்ற புரதம் அந்த இழையை 21 முதல் 24 எழுத்து (இழையின் அடிப்படை அலகை எழுத்து என்கிறேன்) நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோனோட் என்ற இன்னொரு புரதம் ஒரு துண்டைப் பற்றிக்கொண்டு, அதற்கு ஒத்திசையும் எழுத்துவரிசையுள்ள ஆர்.என்.ஏ. எங்கே இருந்தாலும் தேடி வெட்டுகிறது. இத்தகைய சிறு துண்டுகளைத் தாவரங்களில் முதலில் கண்டுகாட்டியவர்கள் ஹமில்ட்டனும் போல்கம்பும். அது 1999 ஆம் ஆண்டு. துண்டுகள் ஓரிடத்தில் தங்குவதில்லை. கலத்துக்குக் கலம் உள்ள நுண்ணிய வழிகளாலும் உணவைக் கடத்தும் குழாய்த்தொகுதியான உரியத்தின் வழியாகவும் மேலே ஏறி, இன்னும் விரியாத குருத்துக்கு எதிரியின் அடையாளத்தை முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அப்பு சொன்ன வெற்றி இதுதான்.

ஆனால் வைரசும் சும்மா இருப்பதில்லை. பப்பாசியைத் தாக்கும் வளையப்புள்ளி வைரசு சேர்ந்த குடும்பத்தினவற்றிடம், தாவரத்தின் இந்த அடக்குமுறையையே முடக்கும் புரதம் ஒன்று உண்டு. ஆகவே எல்லா நோயிலும் குருத்து வெல்லும் என்று எண்ணி நோய்ச் செடிகளைத் தோட்டத்தில் விட்டுவைக்க வேண்டாம் என்று, இதைப் படிக்கும் தோட்டக்காரர்களை அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். மிளகாயில் இலை சுருண்டால் அது பனிப்பூச்சியாலும் இருக்கலாம், சிற்றுண்ணியாலும் இருக்கலாம், வைரசாலும் இருக்கலாம். வைரசு என்றால் அந்தச் செடி பக்கத்துச் செடிகளுக்கு நோயின் ஊற்றாகிவிடும்.

பரம்பரையலகுக் கட்டுப்பாடு என்றதும் பாடநூல்கள் வழக்கமாகக் காட்டுவது எங்கள் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியாவை. பாரிசின் பாஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மொனோ ஆகியோர் 1961 இல் விளக்கிய ஒழுங்கு அது. லக்டோசு இல்லாதபோது, அதைச் செரிக்கும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகளின் வாயிலில் ஓர் அடக்கிப் புரதம் அமர்ந்திருக்கும். லக்டோசு வந்தால், அதிலிருந்து உண்டாகும் ஒரு மூலக்கூறு அடக்கியைப் பற்றி விலக்கிவிடும். குளுக்கோசு கிடைத்துக்கொண்டிருக்கும்வரை பற்றீரியா லக்டோசைப் பெரிதாகத் தொடுவதில்லை. அழகான ஒழுங்குதான், மறுக்கவில்லை. ஆயினும் இதை மட்டும் படித்துவிட்டுப் போகும் மாணவர், பரம்பரையலகை அடக்குவது மின்குமிழை அணைப்பது போன்றது, அணைத்த பின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறார். அந்த எண்ணம் தவறு. கலத்தின் மௌனம் ஒவ்வொரு கணமும் காவல் வைத்துக் காக்கப்படும் மௌனம். காவல் தளர்ந்தால் அது கலைந்துவிடும். பற்றீரியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. சல்மனெல்லாவின் டி.என்.ஏ.யில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த பகுதிகளில் பெரும்பாலும் ஏ, டி என்ற எழுத்துகள் மிகுந்திருக்கும். எச்.என்.எஸ். என்ற புரதம் அந்த மிகுதியை அடையாளமாகக் கொண்டு அப்பகுதிகளின்மேல் படர்ந்து அவற்றை அடக்கிவைக்கிறது என்று 2006 இல் காட்டப்பட்டது. அந்தப் புரதம் நீக்கப்பட்டால் அந்நியப் பகுதிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவதால் கலத்தின் வளர்ச்சியே குன்றிப்போகிறது.

புகையிலைக்கு வைரசு, சல்மனெல்லாவுக்கு வந்தேறிய டி.என்.ஏ. என்று பார்க்கும்போது, அடக்கும் கருவிகளுள் பல முதலில் தற்காப்புக்காகவே உருவாகிப் பின்னரே கலத்தின் அன்றாட ஒழுங்குக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்ற கருத்து எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

கரு என்ற உள்ளறையுள்ள கலங்களில் கருவிகள் இன்னும் பெருகுகின்றன. மனிதக் கலமொன்றில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமான டி.என்.ஏ., மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அகலமுள்ள கருவுக்குள் இருக்கிறது. ஹிஸ்டோன் எனப்படும் புரத உருண்டைகளில் 147 எழுத்துச் சோடிகள் வீதம் அது சுற்றப்பட்டிருக்கிறது. உருண்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட இடத்தில் உள்ள பரம்பரையலகை வாசிக்க முடியாது. தளர்ந்த இடத்தில் வாசிக்கலாம். எங்கே நெருக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பதை ஹிஸ்டோன்களின் வால்களில் ஒட்டப்படும் சிறு இரசாயனக் குறிகள் தீர்மானிக்கின்றன. டி.என்.ஏ.யின் மீதே மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டங்களை ஒட்டி அடக்குவது இன்னொரு முறை. எல்லா அங்கிகளும் (உயிரினங்களும்) எல்லா முறைகளையும் வைத்திருப்பதில்லை. பழ ஈயில் மெதைல் ஒட்டும் முறை ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். கள்ளை நுரைக்க வைக்கும் மதுவத்திடம் (ஈஸ்ட்) அதுவும் இல்லை, சிறு ஆர்.என்.ஏ. முறையும் இல்லை.

அந்த மதுவத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பால்வகைகள் உண்டு. ஒவ்வொரு கலமும் தன் வகைக்கான பரம்பரையலகை ஓரிடத்தில் வைத்து வாசிக்கிறது. அதே நிறமூர்த்தத்தின் (பரம்பரையலகுகளைத் தாங்கும் நீண்ட டி.என்.ஏ. பொதியின்) இரு ஓரங்களில், இரு வகைகளுக்குமான பிரதிகளைப் பூட்டியும் வைத்திருக்கிறது. வகை மாற வேண்டியபோது பூட்டிய பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்ளும். பூட்டாக இருப்பவை சேர் (Sir) எனப்படும் புரதங்கள். அவற்றுள் முக்கியமான ஒன்று பழுதானால் இரு வகைச் செய்திகளும் ஒன்றாக வெளிப்பட்டு, அந்தக் கலம் எவருடனும் சேர இயலாததாகிவிடுகிறது. பெட்டகத்தில் வைத்த காணி உறுதி ஒன்றை எவரும் அன்றாடம் வாசிப்பதில்லை, ஆனால் எரித்துவிடுவதுமில்லை. மதுவம் செய்வதும் அதுவே.

பனையை விட்டு அகலாத எங்களுக்கு, அதன் உறவான எண்ணெய்ப் பனையின் கதை இன்னும் நெருக்கமானது. ஆண்பனையா பெண்பனையா என்று அறியவே பல ஆண்டுகள் காத்திருக்கும் எங்களுக்கு, காத்திருந்து ஏமாறுவது எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை. நல்ல விளைச்சல் தரும் மரத்திலிருந்து இழைய வளர்ப்பால் பெருக்கிய கன்றுகளை நட்டவர்கள், மரங்கள் காய்த்த பின்னரே அவற்றுட் சில உருக்குலைந்த பழங்களைத் தருவதைக் கண்டார்கள். தாய்மரமும் கன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பழம் மட்டும் வேறு. மலேசிய ஆய்வாளர்களின் குழு 2015 இல் காரணத்தை வெளியிட்டது. பூவின் உறுப்புகளை வடிவமைக்கும் பரம்பரையலகு ஒன்றின் நடுவே, முற்காலத்தில் தாவி வந்து அமர்ந்த ஒரு டி.என்.ஏ. துண்டு இருக்கிறது. அதற்கு ஆய்வாளர்கள் சூட்டிய பெயர் கர்மா. இயல்பான மரத்தில் கர்மாவின் மீது மெதைல் கூட்டங்கள் அடர்ந்திருந்து அதை அடக்குகின்றன. இழைய வளர்ப்பின்போது அவை கழன்றுபோன கன்றுகளில், பரம்பரையலகின் செய்தி நடுவழியில் தவறாகத் தைக்கப்பட்டு, பழம் கெடுகிறது. இப்போது இளங்கன்றின் இலையிலேயே கர்மாவின் மெதைல் அளவைப் பார்த்து, எந்தக் கன்று கெடும் என்று முன்னறிய முடியும்.

அடக்கம் எப்போதும் அங்கியைக் காப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை. எங்களைத் தாக்கும் ஒன்று அதையே ஆயுதமாகக் கொண்டதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, எங்கள் ஊர்ப்பகுதியான வலிகாமமே போரால் இடம்பெயர்ந்து எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த ஆண்டு வன்னியில், தறப்பாள் கொட்டிலில், அண்ணாவுக்கு மலேரியா வந்தது. இரத்தம் பார்த்தவர் பல்சிபாரம் இனம் என்றார். காய்ச்சல் தணிந்து, அம்மா நேர்த்தி நிறைவேற்றிய பின்னர், மீண்டும் வந்தது. அக்காலத்தில் மருந்துத் தட்டுப்பாடும் இருந்தது, அதையும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஒட்டுண்ணியின் இயல்பும் ஒரு காரணம் என்பதைப் பின்னர் படித்தேன். தான் குடியிருக்கும் செங்குருதிக் கலத்தைக் குருதிக்குழாயின் சுவரில் ஒட்டவைக்கும் புரதத்துக்காக, பல்சிபாரத்திடம் ஏறத்தாழ அறுபது பரம்பரையலகுகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் அவற்றுள் ஒன்றையே அது வெளியிடுகிறது. மற்றவை கருவின் ஓரத்தில் இறுகப் பொதியப்பட்டு மௌனமாக இருக்கின்றன. உடல் அந்த ஒரு புரதத்தை அடையாளங்கண்டு பிறபொருளெதிரிகளை உருவாக்கி முடிப்பதற்குள், வேறொன்றைத் திறந்துகொண்ட சில ஒட்டுண்ணிகள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. அறுபது முகமூடிகளையும் ஒருசேரக் காட்டியிருந்தால் எங்கள் உடல் அனைத்தையும் கற்றுக்கொண்டிருக்கும். அண்ணா தப்பினார். இலங்கையில் மலேரியா ஒழிப்புக்கு முன் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அந்தச் செய்தியை வாசித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எங்கள் உடலுக்குள் நிகழும் அடக்கங்களில், மாணவர்களுக்கு எளிதிற் புரிவது பூனை வழியாகச் சொல்லும்போதுதான். செம்மஞ்சளும் கறுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனை ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருக்கும். அந்நிறத்துக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணின் ஒவ்வொரு கலமும் முளையப் பருவத்திலேயே இரண்டு எக்சில் ஒன்றை ஏறத்தாழ முழுதாக அடக்கிவிடுகிறது. எதை அடக்கியதோ அதை அதன் வழிவந்த கலங்களும் மறவாமல் அடக்குகின்றன. மேரி லயன் 1961 இல் முன்வைத்த இந்தக் கருத்து பெண்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

இன்னொன்று, மருத்துவத்துக்குப் பெரும் நம்பிக்கை தந்திருப்பது. கருப்பையில் இருக்கும் குழந்தைக்கு ஒரு வகை ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் அதற்கான பரம்பரையலகு அடக்கப்பட்டு, வளர்ந்தோருக்குரியது பொறுப்பேற்கிறது. தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் உள்ள குழந்தைகளுக்கு இந்த மாற்றத்தின் பின்னரே துயரம் தொடங்குகிறது, ஏனெனில் பழுது வளர்ந்தோருக்குரிய பரம்பரையலகில் உள்ளது. பழையதை அடக்கும் புரதத்தின் பெயர் பி.சி.எல்.11.ஏ. அதைக் குருதிக் கலங்களின் மூலக்கலங்களில் தளர்த்திவிட்டால் குழந்தைப்பருவ ஹீமோகுளோபின் திரும்பி வருகிறது. இந்த அடிப்படையில் அமைந்த சிகிச்சையைத் தலசீமியாவுக்குப் பயன்படுத்த 2023 நவம்பரில் பிரித்தானியாவும் 2024 ஜனவரியில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அது எங்கள் நாட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தப் பந்தியை முடிக்க எனக்கு மனமில்லை.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். போரில் நாங்கள் பட்ட அச்சமும் பட்டினியும் எங்கள் பரம்பரையலகுகளில் குறியாகப் பதிந்து, பேரப்பிள்ளைகளுக்கும் கடத்தப்பட்டுவிட்டது என்று அண்மைக்காலமாகப் பலர் உறுதியாக எழுதுகிறார்கள், மேடைகளில் பேசுகிறார்கள். அவர்களின் வலி உண்மையானது. ஆனால் அறிவியல் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதை ஓர் ஆசிரியராக நான் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவில் உருவானவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னர் ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகில் மெதைல் அளவு, பஞ்சத்துக்கு உட்படாத அவர்களின் உடன்பிறப்புகளை விடக் குறைவாக இருந்தது. 2008 இல் வெளியான இந்த ஆய்வு மதிக்கத்தக்கது. ஆனால் அவர்கள் அந்தப் பசியை நேரடியாகவே, தாயின் வயிற்றில் இருந்தபடி, அனுபவித்தவர்கள். பேரப்பிள்ளைக்குக் கடத்தப்படுவது வேறு விடயம். முலையூட்டிகளில் மெதைல் குறிகள் இரு கட்டங்களில், இனப்பெருக்கக் கலங்கள் உருவாகும்போதும் கருக்கட்டலின் பின்னரும், பெருமளவுக்குத் துடைத்தெழுதப்படுகின்றன. சிறு வட்டப்புழு தன் சிறு ஆர்.என்.ஏ.க்களைச் சில தலைமுறைகளுக்குக் கையளிப்பது உண்மை. புழுவில் கண்டதை மனிதர் மேல் ஏற்றிச் சொல்லலாகாது. எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் கொண்டுசேர்த்த துயரம் பேச்சாலும், பேசாமையாலும், வறுமையாலும், வீட்டில் மாட்டிய மாலையிட்ட படங்களாலும் சேர்ந்தது. அதை விளங்கிக்கொள்ள மெதைல் கூட்டம் தேவையில்லை. பிறக்காத பிள்ளைகளின் கலங்களிலேயே சேதம் இருக்கிறது என்று சான்றின்றிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன்.

அனுபவத்தைக் கலம் குறித்துவைப்பதற்கு உறுதியான சான்று வேண்டுமென்றால், அது தாவரத்தில், குளிரைப் பற்றியதாக இருக்கிறது. பூப்பதைத் தடுக்கும் எஃப்.எல்.சி. என்ற பரம்பரையலகு, கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றில் நன்கு ஆராயப்பட்டுள்ளது. வாரக்கணக்கில் நீடிக்கும் குளிரில் அதன் ஹிஸ்டோன்கள்மேல் அடக்கும் குறிகள் சேர்கின்றன. ஒவ்வொரு கலத்திலும் அது திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது. குளிர் நீள நீள மூடிய கலங்களின் தொகை கூடுகிறது. வசந்தம் வந்து வெப்பம் திரும்பிய பின்னரும், குளிரைக் கண்டிராத புதிய கலங்களும் அந்த மூடலைத் தொடர்வதால் செடி பூக்கிறது. ஆனால் வித்து உருவாகும்போது குறிகள் அழிக்கப்பட்டு, எஃப்.எல்.சி. மீண்டும் திறக்கிறது. தாய்ச்செடி கண்ட குளிர்காலம் வித்துக்குத் தெரியாது. அது தன் குளிர்காலத்தைத் தானே காண வேண்டும்.

நாங்கள் கறிக்கு ஆக்கும் கோவாவும் (முட்டைக்கோஸ்) அதே குடும்பம். அதனிடமும் இந்தப் பரம்பரையலகின் உறவினங்கள் உண்டு. மார்கழி வாடைக்காற்றில் போர்வை தேடும் எங்களுக்கு அது குளிர். கோவாவுக்கு அது குளிரே அல்ல. பத்துப் பாகைக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால்தான் அதன் பூட்டு விழும். இந்தத் தையிலும் வீட்டுப் பின்வளவில் ஆறு கோவா இறுகத் தலை கட்டி நிற்கின்றன, ஒன்றிலும் பூந்தண்டு இல்லை. அடுத்த போகத்துக்கான வித்தை, வழக்கம் போல, வெளிநாட்டிலிருந்து வந்த தகரப் பேணியில்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.